உறுமலுக்குள் ஒரு மௌனம்!

2013, மே 7. கலிஃபோர்னியாவில் ஓஷன்சைடு என்று ஒரு கடலோர ஊர். அங்கே ஒரு பெரிய புத்தகக் கடை. இரண்டு பேர் சந்திக்கிறார்கள். ஒருவர் 32 வயது ஆசாமி. கையெல்லாம் பச்சை குத்தல், ஜிம்மிலேயே குடியிருந்த மாதிரி புஜங்கள். இன்னொருவர், கூலிக்குக் கொலை செய்பவர்.

பேச்சு சீக்கிரம் முடிகிறது. ஒரு கவர் கை மாறுகிறது. உள்ளே ஆயிரம் டாலர் ரொக்கம். கூடவே ஒரு பெண்ணின் போட்டோ, அவர் விலாசம், காம்பவுண்ட் கேட்டைத் திறக்கும் எண். அப்புறம் சில தேதிகள். அந்தத் தேதிகளில் குழந்தைகள் தன்னோடு இருப்பார்கள், அப்போது காரியம் நடந்தால் தன் மேல் சந்தேகம் வராது என்று கணக்கு! மொத்தக் கூலி 20,000 டாலர்.

அந்தப் பெண் வேறு யாருமில்லை, அவருடைய மனைவி. விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. குழந்தைகள் மூன்று பேர். எத்தியோப்பியாவிலிருந்து இருவரும் சேர்ந்து தத்தெடுத்து வந்தவர்கள்.

கொலைகாரராக வந்தவர் உண்மையில் போலீஸ்காரர். ஆசாமி அன்றைக்கே கைது.

இதுவரைக்கும் சொன்னது ரயிலில் படிக்கிற பாக்கெட் நாவல் சமாசாரம். என்னை எழுத உட்கார வைத்தது, கைதானவருடைய உத்தியோகம். பெயர் டிம் லாம்பெசிஸ். 'ஆஸ் ஐ லே டையிங்' என்கிற இசைக் குழுவின் பாடகர், பாட்டு எழுதுபவர், தலைவர். அந்தக் குழு, உலகத்தின் பிரபலமான கிறிஸ்துவ மெட்டல்கோர் குழுக்களில் ஒன்று.

"கிறிஸ்துவ... என்னது?" என்கிறீர்களா? நியாயமான கேள்வி.

ஹெவி மெட்டல் தெரியும். தடித்த கிடார் சத்தம், நீள முடி, கறுப்பு பனியன். எழுபதுகளிலிருந்தே இருக்கிறது. அதே எழுபதுகளின் நடுவில், 'மூணு கார்டு வாசிக்கத் தெரிந்தால் போதும், கோபம் இருக்கா?' என்று கேட்டுக்கொண்டு பங்க் பிறந்தது. அதன் முரட்டுத் தம்பி ஹார்ட்கோர். மெட்டலையும் ஹார்ட்கோரையும் ஒரே உரலில் போட்டு இடித்தால் மெட்டல்கோர். இதில் விசேஷ அயிட்டம், 'பிரேக்டவுன்'. தலைதெறிக்கப் போய்க்கொண்டிருக்கும் பாட்டு திடீரென்று பாதி வேகத்துக்கு இறங்கும். கிடாரும் டிரம்ஸும் ஒரே அடியாகத் 'தட்... தட்... தட்-தட்' என்று இறக்கும். கூட்டம் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து மோதிக்கொள்ளும். கீழே விழுந்தவனைக் கைகொடுத்துத் தூக்கி விடுவது அந்தக் கூட்டத்தின் நாகரிகம்.

எங்கள் ஆபீஸில் என் பக்கத்து சீட் பையனுக்கு இதில் பைத்தியம். ஒரு நாள் மத்தியானம் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு, "சார், ஒரே ஒரு நிமிஷம்" என்று தன் ஹெட்போனை எடுத்து என் காதில் மாட்டிவிட்டான். மிக்ஸியில் கருங்கல் ஜல்லியைப் போட்டு ஓட விட்ட மாதிரி இருந்தது.

"என்னப்பா இது... பாடறாரா, யாரையாவது திட்டறாரா?"

"பிரார்த்தனை பண்றார் சார்!"

"இந்தத் தொண்டையிலயா?"

"பொறுங்க சார், இப்ப மெலடி வரும்."

வந்தது. உறுமல் நின்று, இன்னொருவர் இனிமையாக, கொஞ்சம் ஏக்கமாகப் பாடினார். (அவர் பாஸ் கிடார்க்காரர். உறுமலுக்கு ஒருவர், மெலடிக்கு ஒருவர் என்று வேலைப் பிரிவினை உண்டு.) மறுபடி உறுமல். கொடுமை என்னவென்றால், மூன்றாவது தடவை கேட்டபோது எனக்குப் பிடித்துவிட்டது. அப்போதுதான் பையன் மெதுவாகச் சொன்னான், "இந்த உறுமறவர் ஜெயிலுக்குப் போனவர் சார்."

உறுமலுக்கும் சாதகம் உண்டு என்பது உபரித் தகவல். நம் குரல் நாண்களுக்குச் சற்று மேலே இன்னும் இரண்டு மடிப்புகள் இருக்கின்றன. சாதாரணமாகப் பேசும்போது அவை சும்மா கிடக்கும். பழகியவர்கள் அவற்றை அதிரவைத்து இந்தச் சத்தத்தைக் கொண்டு வருகிறார்கள். அந்த மடிப்புகளுக்கு மருத்துவத்தில் பெயர், 'போலிக் குரல் நாண்கள்'. நானாக வைத்த பெயர் இல்லை!

சரி, இதில் கிறிஸ்து எங்கே வந்தார்?

1969-ல் லாரி நார்மன் என்ற அமெரிக்கர் ஏசுவைப் பற்றி ராக் பாட்டுகள் பாடி ஒரு ஆல்பம் போட்டார். 'சாத்தானின் சங்கீதத்தில் சாமி பாட்டா?' என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். எண்பதுகளில் 'ஸ்ட்ரைப்பர்' என்ற குழு மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட உடையில் வந்து, மேடையிலிருந்து கூட்டத்துக்குள் பைபிள்களை வீசியது. 1993-ல் 'டூத் அண்ட் நெய்ல்' என்ற ரெக்கார்டு கம்பெனி கிறிஸ்துவப் பையன்களின் ராக் குழுக்களைத் தேடிப் பிடிக்க ஆரம்பித்தது. சத்தம் போதாது என்று 1997-ல் முரட்டு இசைக்காகவே 'சாலிட் ஸ்டேட்' என்று ஒரு கிளை. இல்லினாய் மாநிலத்தில் 'கார்னர்ஸ்டோன்' என்ற கிறிஸ்துவ இசைத் திருவிழா 1984 முதல் 2012 வரை வருஷா வருஷம் நடந்தது.

இதற்குப் பின்னால் ஒரு சூட்சுமமான குடும்பக் கணக்கு இருக்கிறது. பையனுக்கு வயது 16. அவனுக்குக் காது கிழிகிற சத்தம் வேண்டும். அம்மாவுக்கோ அட்டையில் மண்டை ஓட்டைப் பார்த்தாலே பயம். நடுவில் ஒரு கிறிஸ்துவப் புத்தகக் கடை. பைபிள், ஜெபப் புத்தகம் விற்கிற அதே கடையில் இந்த சி.டி.யும் இருக்கிறது. 'அங்கே விற்கிறார்கள் என்றால் நல்லதாகத்தான் இருக்கும்' என்று அம்மா பர்ஸைத் திறந்துவிடுவாள். கோபத்துக்குக் கோபமும் ஆச்சு, கோயிலுக்குக் கோயிலும் ஆச்சு! 'கிறிஸ்துவ' என்ற அந்த ஒரு வார்த்தை, அம்மாக்களின் கையெழுத்து போட்ட அனுமதிச் சீட்டு. நம் கதைக்கு அது முக்கியம். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

2000-ம் வருஷம் சான் டியேகோவில் குழு ஆரம்பமாயிற்று. அதற்கு முன் வேறொரு குழுவில் கிடார் வாசித்துக்கொண்டிருந்த லாம்பெசிஸும், ஜோர்டன் மான்சினோ என்ற டிரம்ஸ் பையனும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். பெயரை வில்லியம் ஃபாக்னரின் 1930-ம் வருஷத்து நாவலிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். 'நான் சாகக் கிடக்கையில்' என்று அர்த்தம்.

அந்த நாவலின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓர் ஏழைக் குடும்பத்தின் அம்மா செத்துப்போகிறாள். பிறந்த ஊரில் தன்னைப் புதைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. புருஷனும் பிள்ளைகளும் சவப்பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு, வெள்ளம், நெருப்பு எல்லாம் தாண்டிப் போகிறார்கள். பார்க்கிறவர்களுக்கு, ஆஹா, என்ன கடமை உணர்ச்சி! உள்ளே பார்த்தால் ஆளாளுக்கு ஒரு சொந்த ஜோலி இருக்கிறது. புருஷனுக்கு டவுனில் பல் செட் வாங்க வேண்டும். வாங்கியும் விடுகிறான். கையோடு புதுப் பெண்டாட்டியையும் கூட்டி வருகிறான்!

ஃபாக்னர் இந்தத் தலைப்பை எடுத்தது ஹோமரின் 'ஒடிஸி'யிலிருந்து. பாதாள உலகத்தில் அகமெம்னான் தன் சாவைப் பற்றிச் சொல்கிற இடம். அகமெம்னானைக் கொன்றதில் அவன் மனைவிக்குப் பங்கு உண்டு. இங்கே கதை தலைகீழாகப் போயிற்று. குழுவுக்குப் பெயர் வைக்கும் வயதில் யார் இதையெல்லாம் யோசிக்கிறார்கள்!

2001-ல் சின்னக் கம்பெனி ஒன்றில் முதல் ஆல்பம். 2003-ல் 'மெட்டல் பிளேட்' கம்பெனி இவர்களை எடுத்துக்கொண்டது. மெட்டாலிகாவின் பாட்டை முதன்முதலில் ரெக்கார்டில் வெளியிட்ட கம்பெனி அது. சாத்தான், நரகம் என்று பாடிப் பேர் வாங்கிய 'ஸ்லேயர்' குழுவின் முதல் ஆல்பமும் அங்கேதான். அந்த வீட்டில் ஜெபக்காரப் பையன்கள் குடி போனார்கள்!

அப்புறம் விடாமல் உழைப்பு. வேனில் தூக்கம், ஊர் ஊராகக் கச்சேரி. 2005-ல் வந்த ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 35-வது இடத்தில் நுழைந்தது. அதே வருஷம் 'ஓஸ்ஃபெஸ்ட்' திருவிழாவில் மேடை. ('இருளின் இளவரசர்' என்று பட்டம் பெற்ற ஓஸி ஆஸ்போர்னின் பெயரில் நடந்த திருவிழா. 2025-ல் அவர் காலமானார்.) 2007-ல் வந்த ஆல்பம் எடுத்த எடுப்பில் 8-வது இடம். உறுமல் இசைக்கு இது சாதாரண விஷயமில்லை. நாடு பூராவும் அந்த வாரம் விற்ற அத்தனை ரக ஆல்பங்களிலும் எட்டாவது! 2008-ல் கிராமி விருதுக்கு, மெட்டல் பிரிவில், இவர்களுடைய பாட்டு ஒன்று போட்டிக்குப் போயிற்று. ஜெயித்தது யார்? ஸ்லேயர்தான்!

லாம்பெசிஸ் நகைச்சுவை உணர்வும் உள்ளவர். அதே 2008-ல் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகரின் சினிமா வசனங்களையே மெட்டல் பாட்டாக்கி ஒரு ஆல்பம் போட்டார். அந்தக் குழுவுக்குப் பெயர், 'ஆஸ்திரியன் டெத் மெஷின்'. சிரிக்கத்தான் அது. ஆனால், பின்னாளில் அவரே மணிக்கணக்கில் ஜிம்மில் கிடந்து, ஸ்டீராய்டு சாப்பிட்டு, அர்னால்டு மாதிரி உடம்பை ஏற்றிக்கொண்டார்.

இந்த மாதிரிக் குழுக்களை எல்லாப் பத்திரிகைக்காரர்களும் ஒரே கேள்வி கேட்பார்கள். 'நீங்கள் கிறிஸ்துவக் குழுவா? அல்லது, ஒரு குழுவில் இருக்கும் கிறிஸ்துவர்களா?' வேறு பலர் இதற்கு வழவழா கொழகொழா பதில் சொல்லித் தப்பிப்பார்கள். லாம்பெசிஸ் தப்பிக்கவில்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை, ஒன்றை நிஜமாக நம்பினால் அது வாழ்க்கையின் ஒவ்வொரு மூலையிலும் தெரிய வேண்டும், நாங்கள் ஐந்து பேருமே கிறிஸ்துவர்கள் என்ற ரீதியில் பளிச்சென்று சொன்னார்.

நல்ல பதில். பிற்பாடு அவரைத் தூக்கத்தில் எழுப்பியிருக்க வேண்டிய பதில்.

* * *

ஏனென்றால் நம்பிக்கை போய்விட்டது.

மேடையில் இடி விழுந்த மாதிரிப் போகவில்லை. புத்தகம் படித்துப் போயிற்று. லாம்பெசிஸ் ஊர் ஊராகப் போகும்போதே தபால் வழியில் மத இயல் படித்துக்கொண்டிருந்தார். நாத்திகர்களின் வாதங்களுக்குப் பதில் தேடப் போய், எதிர்க்கட்சி வாதமே பலமாகத் தெரிய ஆரம்பித்தது என்று பின்னால் சொன்னார். படித்தார், யோசித்தார், மனசு மாறியது. இதில் எந்தக் குற்றமும் இல்லை. உலகத்தில் தினமும் யாரோ ஒருவர் கடவுளை விடுகிறார், யாரோ ஒருவர் கண்டுபிடிக்கிறார்.

2012 ஆகஸ்டில், டூரிலிருந்து மனைவிக்கு ஒரு இ-மெயில் அனுப்பினார். இனி உன்னை நேசிக்கவில்லை, கடவுளையும் நம்பவில்லை என்று சாரம். மனைவி அடுத்த மாதமே விவாகரத்துக்கு மனுப் போட்டார். மனைவிக்கு எழுதிவிட்டார். சரி. டிக்கெட் வாங்கிய பையன்களுக்கு? மூச்சு விடவில்லை. அதே செப்டம்பரில் குழுவின் புது ஆல்பம் கடைக்கு வந்தது. அதன் பெயர், 'விழித்தெழுந்தவர்' என்று அர்த்தம் வருகிற 'அவேகன்ட்'!

கைதுக்கு அப்புறம், 2014 ஜூனில், ஆல்டர்நேட்டிவ் பிரஸ் என்ற இசைப் பத்திரிகைக்கு நீளமாகப் பேட்டி கொடுத்தார் லாம்பெசிஸ். அதில் ஓர் இடம் இருக்கிறது. கொலைச் சதியைப் பற்றிப் படித்தபோதுகூட எனக்கு அவ்வளவு சங்கடமாக இல்லை, இதைப் படித்தபோதுதான் என்னவோ செய்தது.

கச்சேரி முடிந்ததும் பையன்கள் வருவார்களாம். 'அண்ணா, எங்களோடு சேர்ந்து ஜெபம் பண்ணுங்கள்' என்று கேட்பார்களாம். இவருக்கோ நம்பிக்கை இல்லை. 'நீங்களே பண்ணுங்கப்பா' என்று விட்டுவிட்டு, அவர்கள் தோளில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். முடிந்ததும் 'ஆமென்' என்பார். 'எனக்காக நீங்கள் ஜெபியுங்கள்' என்று எவனாவது குறிப்பாகக் கேட்டால், 'எனக்குச் சத்தமாக ஜெபிக்க வராது, பஸ்ஸில் போய்ப் பண்ணுகிறேன்' என்று சமாளிப்பார்.

மேடையில் கட்டடம் அதிர உறுமுகிறவருக்குச் சத்தமாக ஜெபிக்க வராதாம்!

ஒரு கிறிஸ்துவத் திருவிழாவில், பேட்டி காண வந்தவர் குழுவில் ஒருவரிடம், 'உங்கள் விசுவாச அனுபவத்தைச் சொல்லுங்கள்' என்று மைக்கை நீட்டினார். அவர் உறைந்துபோய் நின்றுவிட்டார். அந்த நேரத்தில் இன்னும் நம்பிக்கையோடிருந்த இன்னொருவர் மைக்கை வாங்கிப் பதில் சொல்லிக் காப்பாற்றினார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்களாம், வேறு வழி தெரியாமல். தாங்கள் சேர்ந்து டூர் போன 'கிறிஸ்துவ'க் குழுக்களில் பத்துக்கு ஒன்றுதான் நிஜமாகவே அப்படி என்றும் ஒரு கணக்குச் சொன்னார். இது அவருடைய கணக்கு. குழுவின் மற்றவர்கள் அந்தப் பேட்டியை ஒப்புக்கொள்ளவில்லை. பலதும் திரித்துச் சொன்னது என்று சூடாக மறுப்பு விட்டார்கள்.

பக்கத்து சீட் பையனிடம் இதைச் சொன்னேன்.

"ஏன் சார், வெளியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

சொல்லியிருந்தால்? கணக்குப் போட்டுப் பார்த்தோம். புத்தகக் கடைகள் சி.டி.யைத் திருப்பி அனுப்பும். சர்ச் திருவிழாக்கள் கூப்பிடாது. அம்மாக்களின் அனுமதிச் சீட்டு ரத்து. சக வாத்தியக்காரர்கள் நாலு பேர் வீட்டு வாடகை, டிரைவர், ரோடி, பனியன் விற்கிற பையன் என்று எத்தனையோ வயிறுகள். சம்பளம் வாங்கிப் பிழைக்கிற எனக்கும் உங்களுக்கும் இது புரியாத விஷயமில்லை. தனக்கே நம்பிக்கையில்லாத பாலிசியை ஏஜெண்டு விற்கிறார். தான் தொடவே தொடாத டானிக்கை ரெப் சிபாரிசு செய்கிறார். மாசம் பிறந்தால் ஈ.எம்.ஐ. இருக்கிறதே! ஆனால் ஒரு வித்தியாசம். ஏஜெண்டிடம் யாரும் கண்ணை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, தோளைக் கொடுப்பதில்லை.

இங்கே இரண்டு கட்சிக்காரர்கள் உடனே மைக்கைப் பிடிப்பார்கள். 'பார்த்தீர்களா, கடவுளை விட்டான், கொலைகாரனாகிவிட்டான்' என்று ஒருவர். 'பக்தி பேசுகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான், வேஷதாரிகள்' என்று இன்னொருவர். இரண்டும் சோம்பேறித்தனமான முடிவு. கடவுளை நம்பாத கோடிக்கணக்கான பேர் யாரையும் கொல்ல ஆள் வைக்கவில்லை. நம்புகிற கோடிக்கணக்கான பேரும் அப்படியே. வக்கீல் ஸ்டீராய்டின் மேல் பழியைப் போட்டார். மூளையைக் குழப்பிவிட்டது என்றார். இருக்கலாம். ஆனால், லாம்பெசிஸே அந்தப் பேட்டியில் சொன்னது எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. மனைவிக்கு முதல் தடவை துரோகம் செய்தபோதே, ஒழுக்கம் என்பதைத் தன் வசதிக்கு வளைத்து அர்த்தம் பண்ணிக்கொள்ளத் தொடங்கிவிட்டாராம்.

மனசு மாறியது முதல் படி. அதில் தப்பில்லை. மாறியதை மறைத்தது இரண்டாவது. மேடையில் ஒருவன், பஸ்ஸில் ஒருவன், வீட்டில் ஒருவன் என்று மூன்று பேராக வாழப் பழகியது மூன்றாவது. அப்படிப் பழகியவர் எல்லாரும் புத்தகக் கடையில் கவரை நீட்டிவிடுவதில்லை, வாஸ்தவம். ஆனால், கவரை நீட்டியவர் அந்தப் படிகளில்தான் இறங்கி வந்தார்.

இதே இசையில், ஃபுளோரிடாவில் 'அண்டரோத்' என்று ஒரு குழு. 1997-ல் ஆரம்பித்தது. 2006-ல் இவர்களுடைய ஆல்பம் பில்போர்டில் இரண்டாவது இடத்தில் நுழைந்தது. அத்தனையும் கிறிஸ்துவக் குழு என்ற போர்டோடு. 2013-ல் கலைந்தார்கள், பிறகு மறுபடி சேர்ந்தார்கள். 2018-ல் புது ஆல்பம் போட்டபோது, 'நாங்கள் இனிமேல் கிறிஸ்துவக் குழு இல்லை' என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். பழைய ரசிகர்கள் சிலர் மனம் உடைந்தார்கள், திட்டினார்கள். வானம் இடிந்து விழவில்லை. அடுத்த வருஷம் அந்த ஆல்பத்தின் பாட்டு ஒன்று கிராமி போட்டிக்குப் போயிற்று! போர்டைக் கழற்றுவதற்கு ஒரு விலை உண்டு. கொடுக்கக்கூடிய விலைதான் அது.

* * *

மறுபடி சான் டியேகோவுக்கு வருவோம். முதலில் 'நான் குற்றவாளி இல்லை' என்ற லாம்பெசிஸ், 2014 பிப்ரவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒன்பது வருஷம் வரை கிடைத்திருக்கலாம். மே 16-ம் தேதி நீதிபதி கொடுத்தது ஆறு வருஷம்.

மற்ற நாலு பேரும்? முதலாளி கைதானால் ஆபீஸ் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ராத்திரியோடு ராத்திரியாகப் பிழைப்பு போயிற்று. பெயரைச் சொன்னாலே 'ஓ, அந்தக் கொலை கேஸா?' என்பார்கள். ஷேன் பிளே என்ற பாடகரைச் சேர்த்துக்கொண்டு 'வோவன்வார்' என்று புதுக் குழு தொடங்கினார்கள். 2014-லும் 2016-லும் ஆல்பம் போட்டார்கள். கௌரவமாக வாசித்தார்கள். பழைய கூட்டம் மட்டும் வரவில்லை.

2016 டிசம்பரில் லாம்பெசிஸ் விடுதலையானார். 2017 டிசம்பரில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு எழுதினார். 2018 ஜூனில் எல்லாருக்கும் அதிர்ச்சி. பழைய ஐந்து பேரும் மறுபடி சேர்ந்துவிட்டார்கள்! புதுப் பாட்டு ஒன்றை வெளியிட்டார்கள். என் குழியை நானே தோண்டிக்கொண்டேன் என்ற பொருளில். ஐந்து பேரும் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் மனம் விட்டுப் பேசுகிற நீண்ட வீடியோவும் வந்தது. சொந்த ஊரில் வைத்த முதல் கச்சேரிக்கு டிக்கெட் மளமளவென்று தீர்ந்தது. 2019-ல் ஆல்பம். 'நெருப்பில் வார்த்தது' என்ற அர்த்தத்தில் தலைப்பு. ரசிகர்களில் பாதிப் பேர் 'தண்டனை முடிந்தது, விடுங்கள்' என்றார்கள். பாதிப் பேர், 'மன்னிக்க வேண்டியது நீங்களா, அந்தம்மாவா?' என்று கேட்டார்கள். இரண்டாவது கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொன்ன மாதிரி தெரியவில்லை.

மன்னித்த நண்பர்கள் என்ன ஆனார்கள்? 2020-ல் கிடார்க்காரர் நிக் ஹிப்பா விலகினார். கூட இருந்து சில நடத்தைகளைச் சகித்துக்கொள்ள முடியவில்லை என்ற தொனியில் பின்னால் விளக்கினார். 2022-ல் பாஸ் கிடாரும் மெலடிக் குரலுமான ஜாஷ் கில்பர்ட் போனார். 2000-ல் கூடவே ஆரம்பித்த டிரம்ஸ்காரர் மான்சினோவும் போனார். புது ஆட்கள் வந்தார்கள். 2024 அக்டோபரில் அந்தப் புது ஆட்களும் அடுத்தடுத்து விலகினார்கள். என் மனசாட்சிக்கு இதற்கு மேல் தாங்காது என்கிற மாதிரி ஒருவர் எழுதினார். ஐரோப்பா டூர் ரத்து. பழைய ஆட்களில் மிஞ்சியிருந்த ஃபில் ஸ்க்ரோஸோவும் விலகினார். நவம்பர் 15-ம் தேதி புது ஆல்பம் வெளிவந்தபோது, அதை வாசித்தவர்களில் அநேகமாக யாரும் குழுவில் இல்லை. லாம்பெசிஸ் மட்டும் இருந்தார். 2025-ல் மறுபடி புது ஆட்களைச் சேர்த்தார்.

"இப்பவும் கேக்கறியாப்பா?" என்று பையனிடம் கேட்டேன்.

"பழைய பாட்டு மட்டும் சார்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "கேக்கறப்ப அந்த ஜெபம் கேட்ட பசங்கதான் ஞாபகத்துக்கு வராங்க" என்றான்.

எனக்கும்தான். அன்று வரிசையில் நின்றவர்களுக்கு இப்போது முப்பது, முப்பத்தைந்து வயது ஆகியிருக்கும். ஏதாவது ஆபீஸில் உட்கார்ந்திருப்பார்கள். பரீட்சைக்காகவோ, குடிகார அப்பாவுக்காகவோ, தற்கொலை எண்ணத்திலிருந்து தப்பிக்கவோ அன்றைக்கு ஜெபித்திருப்பார்கள். தோளில் கை வைத்தவர் நம்பவில்லை என்பதால் அவர்கள் கேட்டது பொய்யாகிவிடாது. அது அவர்களுக்கும் அவர்கள் கடவுளுக்கும் நடுவில் நடந்த விஷயம். ஆனாலும், அந்தக் கையைப் பற்றிப் பேட்டியில் படித்த நாள் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

கடைசியாக ஒரு ஆளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தக் கதையில் எல்லாரும் எதையாவது சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். பாடகர் தன் மனமாற்றத்தைச் சொல்லவில்லை. மைக்கைக் கண்டு உறைந்தவர் சொல்லவில்லை. அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் சொல்லவில்லை. ஆனால், மனைவியைத் தீர்த்துக்கட்ட ஆள் வேண்டும் என்று லாம்பெசிஸ் முதலில் வாயைத் திறந்தது அவருடைய ஜிம்மில். அங்கே பழகியவர்கள், 'பெரிய பாடகர், ஏதோ கோபத்தில் உளறுகிறார், நமக்கேன் வம்பு' என்று கனத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. விஷயம் போலீஸுக்குப் போயிற்று. அதனால்தான் புத்தகக் கடைக்குக் கொலைகாரனுக்குப் பதில் போலீஸ்காரர் வந்தார்.

அந்த மூன்று குழந்தைகளும் அம்மாவோடு வளர முடிந்தது அதனால்தான்.